ஆபீஸ் பையில் போகும் ஃபிளாஸ்க்: மூடியைப் பார்த்து வாங்குங்கள்

காலையில் அடுப்படியில் நிரப்பி, பையில் போட்டு, பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு மணி நேரம் குலுங்கி, ஆபீஸ் மேசையில் திறந்து, ராத்திரி கழுவிக் கவிழ்க்கிற பொருள். அரை லிட்டர் எவர்சில்வர் ஃபிளாஸ்க் பெருநகர வாழ்க்கையில் ஒரு நாளில் படுகிற பாட்டை வைத்துத்தான் இந்த மதிப்புரை. சூடு எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது மட்டும் கேள்வி என்றால் எழுத அதிகம் இல்லை. சுமாராகச் செய்யப்பட்ட வெற்றிட ஃபிளாஸ்க்கூட ஒரு பயணத்துக்குப் போதுமான சூட்டைக் காப்பாற்றிவிடும். நல்லதும் கெட்டதும் பிரிவது மூடியில். ஒழுகுவது மூடி, நாறுவது மூடி, முதலில் உடைவதும் மூடி. சூடு வெளியேறுவதுகூடப் பெரும்பகுதி அந்த வழியாகத்தான்.

உடலைப் பற்றிச் சுருக்கமாக

எவர்சில்வர் குவளைகள் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. வாய் விளிம்பில் மட்டும் இரண்டையும் பற்றவைத்து, நடுவிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிவிடுகிறார்கள். காற்றில்லாத இடத்தைச் சூடு கதிர்வீச்சாக மட்டுமே தாண்ட முடியும். அதையும் குறைக்க, உள் குவளையின் வெளிப்புறத்தில் செம்புப் பூச்சோ மெல்லிய உலோகத் தாளோ கொடுப்பதுண்டு. 1892-இல் ஜேம்ஸ் டுவார் கண்ணாடியில் செய்ததும், 1913-இல் வில்லியம் ஸ்டான்லி எஃகில் செய்ததும் இதே தத்துவம்தான்.

பக்கச் சுவர் இப்படி அடைபட்டுவிட்டதால், சூட்டுக்கு மிஞ்சியிருக்கும் பெரிய பாதை கழுத்தும் மூடியும். 40 மில்லிமீட்டர் அகலமுள்ள வாயைவிட 55 மில்லிமீட்டர் வாயின் பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரே கொள்ளளவில் அகலவாய் ஃபிளாஸ்க் சீக்கிரம் ஆறுவது இதனால்தான். அதற்காக 40-க்குக் கீழே போனால் ஐஸ் கட்டியும் பிரஷ்ஷும் நுழையாது. 42 முதல் 48 வரை உள்ள வாய்தான் தினப் பழக்கத்துக்கு ஏற்றது.

பெட்டியில் "12 மணி நேரம் சூடு" என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. எத்தனை டிகிரியில் தொடங்கி எத்தனை டிகிரியில் முடிந்தது என்று சொல்ல வேண்டும். ஜப்பானியத் தர விதி (அதன் எண் ஜே.ஐ.எஸ். எஸ் 2006) அதைத்தான் செய்கிறது: 20 டிகிரி அறையில், 95 டிகிரி வெந்நீர் நிரப்பி, 6 மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். இந்தச் சோதனையில் 70 டிகிரி காட்டும் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொள்வோம். அறைச் சூட்டைவிட 75 டிகிரி கூடுதலாக இருந்தது 6 மணி நேரத்தில் 50 ஆகிறது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. இந்த விகிதம் கையில் இருந்தால் போதும், மற்றதை நாமே கணக்குப் போட்டுவிடலாம். 80 டிகிரியில் காபி ஊற்றினால் 6 மணி நேரத்தில் 60 டிகிரி. 95-இல் ஊற்றிய வெந்நீரே 12 மணி நேரத்தில் 53-க்கு வந்துவிடும். பெட்டி சொல்கிற "12 மணி நேரச் சூடு" பல நேரம் இந்த வெதுவெதுப்புதான்.

இதெல்லாம் கழுத்துவரை நிரப்பிய கணக்கு. பாதி நிரப்பினால் உள்ளே இருக்கும் சூட்டின் இருப்பு பாதி. வெளியேறும் வழியோ அதேதான். ஏறத்தாழ இரட்டிப்பு வேகத்தில் ஆறும். 300 மில்லி குடிக்கிறவர் அரை லிட்டர் வாங்குவது தவறு. 350 மில்லி வாங்கி நிரம்ப ஊற்றினால் சூடும் கூட நேரம் நிற்கும், பையும் கனக்காது.

எஃகு எந்த ரகம் என்பதற்கு 304 அல்லது 18/8 என்று அடியிலோ பெட்டியிலோ பொறித்திருப்பார்கள்: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். மலிவான 201 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். துரு சீக்கிரம் பிடிக்கும். காந்தம் ஒட்டிப் பார்க்கும் சோதனை இங்கே உதவாது. 201-உம் காந்தத்தில் ஒட்டாது. குளிர்நிலையில் இழுத்து வடித்த நல்ல 304 சில இடங்களில் லேசாக ஒட்டவும் செய்யும்.

ஆறு வகை மூடி

பழைய பாணி கப் மூடியிலிருந்து தொடங்குவோம். உள்ளே தடிமனான அடைப்பான், அதன் மேல் திருகும் கிண்ணம். சூட்டைக் காப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை, பாகங்களும் குறைவு. ஆனால் குடிக்க மூன்று வேலை: கிண்ணத்தைக் கழற்ற வேண்டும், அடைப்பானைத் திருக வேண்டும், ஊற்ற வேண்டும். ஓடுகிற வண்டியில் அதற்கு மூன்றாவது கையும் வேண்டும். ஆபீஸ் போய்ச் சேர்ந்த பிறகுதான் குடிப்பேன் என்பவருக்கு மட்டும் இது முதல் தேர்வு. அடைப்பானில் அழுத்துகிற பட்டன் இருந்தால் ஊற்றுவது சுலபம். ஆனால் அந்தப் பட்டனின் ஸ்பிரிங் இருக்கும் குழிக்குள் பால் போய் உட்காரும். பட்டன் இல்லாத வெறும் திருகு அடைப்பானே மேல்.

அடுத்தது வெறும் திருகு மூடி: ஒரே மூடி, ஒரே வாஷர். கழுவ ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒழுகினால் காரணம் அந்த ஒரு வாஷராகத்தான் இருக்கும். குறை என்னவென்றால், திறக்க இரண்டு கை வேண்டும். திறந்த மூடியை வைக்க இடமும் வேண்டும். வாயும் முழுசாகத் திறந்துகொள்வதால், வண்டி பிரேக் போட்டால் சட்டையில்தான் விழும். தண்ணீருக்கு இது போதும். சூடான பானத்தைப் பயணத்தில் குடிக்க இது வேண்டாம்.

மூன்றாவது, பட்டனை அழுத்தினால் ஸ்பிரிங் விசையில் மூடி பின்னால் சாயும் வகை. நின்றுகொண்டு பயணம் செய்கிறவருக்குச் சரியான மூடி என்று ஒன்று இருந்தால் இதுதான். ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, இன்னொரு கையின் கட்டைவிரலே திறந்து மூடிவிடும். இதில் சாதாரணமாக இரண்டு வாஷர்கள் இருக்கும்: மூடியின் உட்புறத்தில் குடிக்கும் துளையை அடைக்கும் சின்ன வாஷர் ஒன்று, முழு மூடியும் எஃகு உடலோடு சேரும் இடத்தில் பெரிய வளையம் ஒன்று. பையில் ஒழுகியது இந்த வகையென்றால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்: கழுவியபின் வாஷரை மாட்டவே இல்லை, தலைகீழாக மாட்டினார்கள், வாஷருக்கும் பள்ளத்துக்கும் நடுவே காபித் தூள் சிக்கியிருக்கிறது, பூட்டைப் போடவில்லை.

அந்தப் பூட்டு முக்கியம். பட்டனுக்கு மேலே சின்னக் கொக்கியோ நகர்த்துகிற தாழ்ப்பாளோ இருக்கும். பூட்டு இல்லாத பட்டன் மூடியைப் பையில் போடவே கூடாது. கூட்டத்தில் ஒரு முழங்கை அழுத்தினால் திறந்துவிடும். வாங்கும்போது பூட்டிய நிலையில் பட்டனை அழுத்திப் பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் அசைந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு மூடியைத் திறந்து, ஃபிளாஸ்க்கை வாய்க்குச் சாய்க்கிற கோணத்தில் பிடியுங்கள். மூடி பின்னால் நன்றாகச் சாய்ந்து "க்ளிக்" என்று நிற்க வேண்டும். நிற்காத மூடி ஒவ்வொரு மடக்குக்கும் மூக்கில் வந்து தட்டும். சின்னக் குறைதான், ஆனால் தினமும் எரிச்சல்.

குடிக்கும் துளைக்கு எதிர்ப்பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு காற்றுத் துளை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் பானம் சீராக வராமல் "குளுக் குளுக்" என்று விட்டுவிட்டு வரும். திடீரென்று ஒரு வாய் நிறையக் கொட்டும். வாரம் ஒருமுறை பல்குச்சியால் குத்திவிட்டால் சரியாக இருக்கும்.

நான்காவது, பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் பானம் வரும் வகை; விரலை எடுத்தால் தானாக அடைபடும். கார் ஓட்டுகிறவருக்கு நல்லது, ஏனென்றால் மூட மறக்கவே முடியாது. ஆனால் அழுத்தத்தைக் கடத்தும் தண்டு, ஸ்பிரிங், அடைப்பு எல்லாம் மூடியின் வயிற்றுக்குள் இருக்கின்றன. அந்த வயிற்றைத் திறந்து கழுவ வழியில்லை என்றால் பாலோடு பழகவே பழகாது. கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உள்பாகம் கீல் வழியாகத் திறக்கிறதா? திறந்தால் வாங்கலாம். திறக்காவிட்டால் கறுப்புக் காபி, தண்ணீர் இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மிஞ்சிய இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். நகர்த்துகிற தகடு வைத்த டம்ளர் மூடி (காந்தம் வைத்ததும் இதில் சேர்த்தி) தளும்பலைத் தடுக்கும், ஒழுகலைத் தடுக்காது. அதைத் தயாரிக்கிறவர்களே அப்படித்தான் போட்டிருப்பார்கள், சின்ன எழுத்தில். மேசைக்கும் காரின் கப் தாங்கிக்கும் உரியது. பைக்குள் போகக் கூடாது. ஸ்ட்ரா மூடி குளிர்ந்த பானத்துக்கு மட்டும். சூடான பானத்தை அதில் ஊற்றினால் உள்ளே ஏறும் அழுத்தம் பானத்தைக் குழாய் வழியாக மேலே தள்ளும்; உறிஞ்சினால் உதட்டில் ஆறாமல் நேரே தொண்டைக்குப் போகும்.

மூடி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பெரிய கம்பெனியிலிருந்தே சாட்சி உண்டு. 2024 டிசம்பரில் ஸ்டான்லி நிறுவனம் ஸ்விட்ச்பேக், டிரிகர் ஆக்ஷன் என்ற இரண்டு வகைப் பயண மக்குகளில் அமெரிக்காவில் விற்ற சுமார் 26 லட்சத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சூடும் திருகும் விசையும் சேர்ந்து மூடியின் மரை (திருகு வரிகள்) சுருங்கி, உபயோகத்தின்போது மூடி கழன்றுவிடக்கூடும் என்பது காரணம். உலக அளவில் 38 பேருக்குச் சூட்டுக்காயம் பதிவாகியிருந்தது. பரிகாரமாகக் கொடுத்தது இலவச மாற்று மூடி. உடலில் குற்றமே இல்லை.

காலையில் நிரப்பும்போது

வெந்நீர் ஊற்றி ஃபிளாஸ்க்கை முதலில் சூடுபடுத்த வேண்டும் என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். கெடுதல் இல்லை, ஆனால் சொல்கிற அளவுக்கு லாபமும் இல்லை. உள் குவளை சுமார் 100 கிராம் எஃகு என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃகின் வெப்பக் கொள்ளளவு தண்ணீரில் எட்டில் ஒரு பங்குதான். அறைச் சூட்டில் இருக்கும் அந்த எஃகு, 500 மில்லி கொதிநீரிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றரை அல்லது இரண்டு டிகிரி. 250 மில்லி ஊற்றினால் மூன்று டிகிரி. அவ்வளவுதான்.

உண்மையில் சூட்டைத் தின்பது பால். 90 டிகிரிக் காபி 400 மில்லியில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த 5 டிகிரிப் பால் 100 மில்லி சேர்த்தால் கலவை 73 டிகிரிக்கு இறங்கும். அதே பாலை 70 டிகிரிக்குக் காய்ச்சிச் சேர்த்தால் 86. வித்தியாசம் 13 டிகிரி. காலையில் இரண்டு நிமிடம்தான் மிச்சம் என்றால் அதை ஃபிளாஸ்க்கைச் சூடுபடுத்தச் செலவிடாமல் பாலைச் சூடுபடுத்தச் செலவிடுங்கள்.

நிரப்பும் அளவு: மூடியின் அடிப்பாகம் எங்கே வந்து நிற்குமோ அதற்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் கீழே. பட்டன் மூடியின் அடிப்பாகம் கழுத்துக்குள் நன்றாகவே இறங்கும். விளிம்புவரை ஊற்றினால் திருகும்போது பானம் குடிக்கும் துளை வழியாக மேலே ஏறி, மூடிக்கும் துளைக்கும் நடுவில் தேங்கி, முதல் தடவை பட்டனை அழுத்தும்போது தெறிக்கும். "புது ஃபிளாஸ்க், முதல் நாளே ஒழுகுகிறது" என்று வருகிற புகார்களில் இதற்கும் நல்ல பங்குண்டு. மேல் மூடியைத் திறந்துவைத்தே திருகுங்கள். பிறகு துளையைத் துடைத்துவிட்டு மூடிப் பூட்டுங்கள்.

நேராக மரையில் உட்காருகிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி: மூடியை முதலில் இடப்பக்கம் கால் சுற்று திருப்புங்கள். மரை ஒன்றுக்குள் ஒன்று விழும் "டக்" கேட்டதும் வலப்பக்கம் திருகுங்கள். கோணலாக ஏறாது. இறுக்கம் விரல் பலத்துக்குப் போதும். முழுக் கைப் பலம் போட்டு முறுக்கினால் வாஷர் நசுங்கி, சில மாதத்தில் பழைய தடிமனுக்குத் திரும்பாமல் போய்விடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும்.

இனி, குடிக்கும் சூடு. 80 டிகிரியில் ஊற்றி ஒரு மணி நேரத்தில் திறந்தால் உள்ளே இன்னும் 75-க்கு மேல் இருக்கும். திறந்த கோப்பையில் மேற்பரப்பு ஆறியிருக்கும், உதடு முதலில் சூட்டைப் பார்த்துச் சொல்லிவிடும். ஃபிளாஸ்க்கில் அந்த எச்சரிக்கை இல்லை. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பதை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் 2ஏ பிரிவில் (உண்டாக்க வாய்ப்பு அதிகம் என்ற பிரிவில்) சேர்த்தது. வழியிலேயே குடிப்பதானால் 65 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள். மதியம் குடிப்பதற்கென்றால் கொதிக்கக் கொதிக்க ஊற்றலாம். சூட்டைக் காக்கும் திறன் கூடிய ஃபிளாஸ்க் எல்லாருக்கும் நல்லது என்று நினைப்பது தவறு. அரை மணி நேரப் பயணத்துக்கு அது இடைஞ்சலே.

பையில், வண்டியில்

அரை லிட்டர் ஃபிளாஸ்க் வெறுமனே 220 முதல் 350 கிராம் எடை. நிரப்பினால் முக்கால் கிலோ அளவுக்கு வரும். குறுக்களவு சாதாரணமாக 65-70 மில்லிமீட்டர். 73-க்கு மேல் போனால் பெரும்பாலான சைக்கிள் தாங்கிகளிலும் சின்னக் கைப்பைகளிலும் அடங்காது. பையின் பக்கவாட்டு வலைப்பையில் வைப்பது வழக்கம். குனியும்போது நழுவி விழுவதும் அங்கிருந்துதான். ஃபிளாஸ்க்கின் உயரத்தில் பாதிக்கு மேல் வலைக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்தைச் சுற்றி எலாஸ்டிக் வார் வேண்டும்.

பைக்குள்ளே வைப்பதானால் முதுகை ஒட்டிய அறை லேப்டாப்புக்கு. ஃபிளாஸ்க் எதிர்ப்பக்கம், நின்ற நிலையில். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட்டால் எந்த மூடியையும் நம்ப வேண்டிய அவசியமில்லை. படுத்த நிலையில் ஒழுகாது என்று போட்டிருக்கும் ஃபிளாஸ்க்கையும் படுக்க வைக்காதீர்கள். சூடான பானம் உள்ளிருக்கும் காற்றை விரியவைத்து வாஷரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கூடவே குலுங்கலும் சேர்ந்தால், தண்ணீரில் தேறிய மூடியும் காபியில் தோற்கலாம்.

ஆகவே சோதனையையும் அப்படியே செய்ய வேண்டும். முதலில் பச்சைத் தண்ணீர் நிரப்பி மூடி, வெளியே நன்றாகத் துடைத்து, செய்தித்தாள் மேல் படுக்கவைத்துப் பத்து நிமிடம்; பிறகு தலைகீழாகப் பத்து நிமிடம். தாள் உலர்ந்திருந்தால் அடுத்தது வெந்நீரோடு, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்து, கையை எட்ட வைத்துக்கொண்டு. இரண்டிலும் தேறிய மூடிதான் பைக்குத் தகுதி. வாஷர் மாற்றினாலும் இதே சோதனைதான்.

குலுங்கி வந்த ஃபிளாஸ்க்கைத் திறக்கும் விதமும் முக்கியம். நிமிர்த்திப் பிடித்து, குடிக்கும் துளை முகத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி, பூட்டை எடுத்து, மேல்மூடியை இன்னொரு விரலால் தாங்கிக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். "புஸ்" என்று அழுத்தம் போனபின் முழுசாகத் திறக்கலாம். சில நல்ல மூடிகளில் இந்த இரண்டு கட்டமும் பொறியிலேயே உண்டு: முதலில் லேசாகத் திறந்து ஆவியை விட்டபிறகுதான் முழுதும் சாயும். சோடா, உலர்பனிக்கட்டி இரண்டையும் எந்த ஃபிளாஸ்க்கிலும் அடைக்கக் கூடாது. வாயு அழுத்தம் மூடியையே துப்பாக்கிக் குண்டுபோல எறியும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. சூடாக மூடி, திறக்காமல் அப்படியே ஆறிவிட்டால், உள்ளே காற்று சுருங்கித் திருகு மூடி அசையாது. ஸ்பானர் தேட வேண்டாம். மூடிப்பக்கத்தை வெந்நீரில் இரண்டு நிமிடம் பிடித்தால் உள்காற்று விரியும், காய்ந்த சர்க்கரையும் இளகும், பிறகு திறந்துகொள்ளும்.

ஆபீஸில்

பால் கலந்த எதற்கும் கெடு உண்டு. 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் கிருமிகளுக்கு வசதியான சூடு தொடங்குகிறது. நிரம்பாத ஃபிளாஸ்க்கில் காலை ஏழு மணிக்கு ஊற்றிய பால் காபி பதினொரு மணிக்குள் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கும். மதியத்துக்குப் பிறகு அதைக் குடிக்காமல் இருப்பதே சரி. மிச்சத்தின் மேல் புதிதாக ஊற்றுவதும் கூடாது. நாள் முழுக்கச் சூடாக வேண்டும் என்பவருக்கு நல்ல வழி: ஃபிளாஸ்க்கில் வெறும் வெந்நீரை நிரப்பிக்கொண்டு, தேயிலைப் பையையோ காபித் தூளையோ தனியாக எடுத்துப் போவது. மூடியில் பாலே படாது. கழுவும் வேலையும் பாதியாகும்.

தேயிலையை உள்ளேயே போட்டு மூடினால் சூடு குறையாததால் சாறு இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் கசப்பு. கறுப்புக் காபிகூட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு சுவை மாறிப் புளிப்பும் கசப்பும் ஏறும். அது ஃபிளாஸ்க்கின் குற்றமில்லை. சூட்டில் வைத்த காபியின் இயல்பு.

குளிர்ந்த தண்ணீருக்கு இவ்வளவு கவலையே வேண்டாம். 4 டிகிரித் தண்ணீருக்கும் 20 டிகிரி அறைக்கும் வித்தியாசம் 16 மட்டுமே, வெந்நீருக்கு 75. அதனால்தான் பல பெட்டிகளில் குளிர் மணிக்கணக்கு சூட்டு மணிக்கணக்கைவிட இரட்டிப்பாக இருக்கிறது.

ராத்திரி கழுவும்போது

நாற்றம் வந்தால் எல்லாரும் உடலைத் தேய்க்கிறார்கள். எஃகில் நாற்றம் தங்காது. தங்குவது சிலிக்கோன் வாஷரில். அதன் அடியிலிருக்கும் பள்ளத்தில்தான் பால் காய்ந்து கறுக்கும். தினமும் வாஷர்களைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் நாற்றம் வரவே வராது. கழற்றக் கத்தி, ஊசி வேண்டாம். கீறல் விழுந்தால் அங்கேதான் ஒழுகும். விரல்களால் கிள்ளி ஒரு பக்கம் சுருக்கினால் எழும்பும். எந்தப் பக்கம் மேலே என்று கழற்றும்போதே ஒரு போட்டோ எடுத்துவைத்தால் மறுநாள் காலை அவசரத்தில் உதவும்.

நாற்றம் ஏறிவிட்ட மூடிக்கு: 40-50 டிகிரி வெந்நீர் அரை லிட்டரில் ஒரு டீஸ்பூன் சோடியம் பெர்கார்பனேட், அதாவது ஆக்சிஜன் பிளீச். பிளாஸ்டிக், சிலிக்கோன் பாகங்களை மட்டும் பிரித்துப் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். உள்ளே படிந்த தேநீர்க் கறைக்கும் அதே கரைசல் போதும். ஆனால் மூடியைத் திறந்தே வைக்க வேண்டும், வாயு கிளம்பும். குளோரின் பிளீச்சைப் பக்கத்தில் சேர்க்கவே கூடாது. எஃகைக் காக்கும் குரோமியப் படலத்தை அது அரித்து ஊசிக் குத்துபோல் துளைகள் போடும்.

வெள்ளையாகவோ சிவப்புப் புள்ளியாகவோ படிந்திருந்தால் அது பெரும்பாலும் தண்ணீரிலுள்ள சுண்ணமும் இரும்பும். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 10 கிராம் சிட்ரிக் அமிலம், இரண்டு மூன்று மணி நேரம், மூடாமல். போய்விட்டால் படிவு, போகாவிட்டால் துரு. இரும்பு நாரால் மட்டும் தேய்க்காதீர்கள். பாத்திரம் கழுவும் மெஷினில் போடலாமா என்பது பாகத்துக்குப் பாகம் வேறுபடும். மூடிக்குச் சரி என்று போட்டிருக்கும் கம்பெனியே உடலுக்கு வேண்டாம் என்றும் போட்டிருக்கும். அடிக்குச் சிலிக்கோன் காலுறை மாட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள், தண்ணீர் உள்ளே தேங்கும்.

உடல் போய்விட்டதா, மூடியா?

சூடு நிற்கவில்லை என்று தோன்றினால் ஒரே சோதனை: கொதிநீர் நிரப்பி மூடி, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் தடவிப் பாருங்கள். கழுத்தருகே மட்டும் வெதுவெதுப்பு இருந்தால் இயல்பு. உடம்பு முழுக்கச் சுட்டால் வெற்றிடம் போய்விட்டது. அதை எந்தக் கடையிலும் சரிசெய்ய முடியாது. ஒரே ஒரு இடத்தில் சுட்டால், அங்கே விழுந்த ஒடுக்கு உள் குவளையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். பக்கவாட்டில் சின்ன ஒடுக்கு விழுந்து சூடு வராமலிருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். அடிப்பக்கம் மோதி விழுந்ததுதான் ஆபத்து, ஏனென்றால் பல ஃபிளாஸ்க்குகளில் காற்றை எடுத்து அடைத்த இடம் அங்கேதான். அந்த அடைப்பில் சிறிதளவு ஈயம் சேர்வதை ஸ்டான்லி நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டது. மேலே எஃகுத் தகடு மூடியிருப்பதால் சாதாரண உபயோகத்தில் கையிலோ பானத்திலோ படாது. அடித்தகடு கழன்று உள்ளே ஒரு புள்ளி தெரிந்தால் அந்த ஃபிளாஸ்க்கை நிறுத்திவிடுங்கள்.

ஒடுக்கும் இல்லை, வெளியிலும் சுடவில்லை, ஆனாலும் சீக்கிரம் ஆறுகிறதென்றால் மூடியைப் பாருங்கள். பிடி தளர்ந்த வாஷர் வழியாக ஆவி கசிந்துகொண்டிருக்கும். சிலிக்கோன் வாஷருக்கு ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் சொல்லும் ஆயுள் ஏறத்தாழ ஒரு வருடம். ஒட்டுகிற பிசுபிசுப்பு, வெளுப்பு, நசுங்கித் தட்டையான ஓரம், போகாத நாற்றம் இவற்றில் எது தெரிந்தாலும் மாற்றலாம். மூடியே விரிசல் விட்டிருந்தால், அடியில் பொறித்த மாடல் எண்ணைக் கொடுத்து அதே எண்ணுக்குரிய மூடியைக் கேளுங்கள். "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று கிடைக்கிற மூடியில் மரையின் இடைவெளி ஒத்துப்போகாது. பாதி ஏறி இறுகினதுபோல் நின்று, பையில் கழன்றுகொள்ளும்.

ஆக, கடையில் நிற்கும்போது விலைச் சீட்டுக்கு முன்னால் கேட்க வேண்டியது இது: இந்த மாடலுக்கு வாஷரும் மூடியும் தனியாகக் கிடைக்குமா? கிடைக்குமென்றால் உடல் பத்து வருடம்கூட உழைக்கும். கிடைக்காது என்றால், எவ்வளவு பளபளத்தாலும் அந்த ஃபிளாஸ்க்கின் ஆயுள் அதன் முதல் வாஷரோடு முடிந்தது.